பட்டியலில் இல்லாத திரை



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத மடிக்கணினிகள் பல இல்லங்களிலும் பள்ளிகளிலும் உள்ளன. "ஐயா, இதில் லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், தயாரிப்பாளர் ஆதரிக்காத இயங்குதளத்தை ஒரு மடிக்கணினியில் ஏற்றினால் என்ன நேரும் என்பதற்குப் படிப்பினை மிகுந்த ஒரு வரலாறு உண்டு. அது திரையைப் பற்றிய வரலாறு. அதனை அறிந்தபின் விடையை நீங்களே கூறிக்கொள்ள இயலும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புள்ளிகளின் கணக்கு

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் மின்கற்றை ஒன்று படத்தை வரைந்தது. கற்றையின் ஓட்டத்தை மாற்றினால் 640×480, 800×600, 1024×768 எனப் பல அளவுகளிலும் படம் ஒழுங்காகவே தோன்றும். மடிக்கணினியின் தட்டைத் திரை அத்தகையதன்று. அதன் படப்புள்ளிகள் ஆலையிலேயே எண்ணிப் பதிக்கப்பட்டவை. 1280×800 என்றால் குறுக்கே 1280, நெடுக்கே 800. ஆக மொத்தம் 1,024,000 புள்ளிகள். இந்த எண்ணிக்கையே அத்திரையின் இயல்பான தெளிவு.

அந்தத் திரைக்கு 1024×768 அளவில் படம் அனுப்பினால் 786,432 புள்ளிகளுக்கான செய்தியே போய்ச் சேரும். இருப்பதில் அஃது ஏறத்தாழ 77 விழுக்காடு. சில மடிக்கணினிகள் சுற்றிலும் கறுப்புப் பட்டை விட்டு அதை நடுவில் காட்டும். பல மடிக்கணினிகள் குறுக்கே 1.25 மடங்கும் நெடுக்கே 1.04 மடங்கும் இழுத்துத் திரையை நிரப்பும். அப்போது வட்டம் வட்டமாக இராது. உயரத்தைவிட 20 விழுக்காடு அகன்ற முட்டையாகிவிடும்.

தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இது சிறிய குறை அன்று. 'ன'கரத்தையும் 'ண'கரத்தையும் பிரித்துக்காட்டுவது ஒரு சுழி. மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்துக்காட்டுவது ஒரு புள்ளி. சிறிய எழுத்தில் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பவை ஒன்றிரண்டு படப்புள்ளிகளே. இழுத்து நிரப்பப்படும்போது அவை பக்கத்துக் கோட்டோடு கலந்து சாம்பல் நிறக் கறையாகிவிடுகின்றன. பிள்ளை தடுமாறுகிறதா, திரை தடுமாற வைக்கிறதா என்று ஆசிரியரால் அறிய இயலாமற் போகும்.

சில்லுக்குள் ஒரு பட்டியல்

இன்டெல் நிறுவனம் 2003 மார்ச்சில் 'சென்ட்ரினோ' என்ற பெயரில் மடிக்கணினிகளுக்கான புதிய அமைப்பை வெளியிட்டது. 855 என்ற சில்லுத்தொகுதி அதனுடன் வந்தது. அதனைத் தொடர்ந்து 2005இல் 915, 2006இல் 945 ஆகியவை வந்தன. அதே ஆண்டுகளில்தான் அகலத்திரை மடிக்கணினிகளும் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் ஏற்றப்பட்டே விற்பனைக்கு வந்தன. வேறு இயங்குதளத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கவில்லை. அவற்றில் லினக்ஸ் ஏற்றிய பலர் கண்டது, 1280×800 திரையில் 1024×768 படம். அமைப்புக் கோப்பில் சரியான அளவை எழுதினாலும் கணினி அதனைப் பொருட்படுத்தவில்லை.

காரணம் இதுதான். திரைக்குப் படம் அனுப்பும் சில்லுடன் ஒரு சிறு நிரல் சேர்த்தே வரும். அதற்கு ஒளிக்காட்சி பயாஸ் என்று பெயர். எந்தெந்த அளவுகளில் படம் காட்டலாம் என்ற பட்டியல் ஒன்று அதனுள் இருக்கும். அப்பட்டியலைக் கேட்டுப் பெறும் முறையை வெசா என்னும் தொழில்முறை அமைப்பு பொதுமையாக்கியிருந்தது. லினக்ஸில் இன்டெல் சில்லை இயக்கிய மென்பொருளாகிய 'இயக்கி', திரையின் அளவைத் தானே அமைக்கவில்லை. பயாஸிடம் கேட்டது, பட்டியலில் உள்ளவற்றுள் ஒன்றைப் பெற்றுக்கொண்டது.

இதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. திரை எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது, வேறு என்ன துணைச் சில்லுகள் உள்ளன என்பவை ஒவ்வொரு மடிக்கணினிக்கும் மாறுபடும். அந்த விவரங்களை அறிந்தது தயாரிப்பாளர் எழுதிய பயாஸ். ஆகவே அதனை நம்புவதே எளிய வழியாக இருந்தது. ஆனால் 1280×800 பல மடிக்கணினிகளின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் இயக்கியோ பட்டியலை நம்பாமல் சில்லை நேரடியாகவே இயக்கியது. விண்டோஸை மட்டும் வைத்துச் சோதித்தவர்களின் கண்ணில் அந்தக் குறை படவே இல்லை. ஒருவர் பயன்படுத்தாத கதவு துருப்பிடித்திருப்பது அவருக்கு எவ்வாறு தெரியும்?

நினைவகத்தில் ஒரு திருத்தம்

தீர்வு முதலில் ஆர்வலர்களிடமிருந்தே வந்தது. கணினி உயிர்பெறும்போது பயாஸின் படி ஒன்று நினைவகத்தின் முதல் மெகாபைட்டுக்குள் வைக்கப்படுகிறது. அப்பகுதியில் யாரும் எழுதாதபடி சில்லுத்தொகுதி பூட்டிவைக்கும். ஆர்வலர்கள் அந்தப் பூட்டைத் திறக்கும் வழியைக் கண்டறிந்தனர். பட்டியல் எங்கே தொடங்குகிறது எனத் தேடினர். எவரும் பயன்படுத்தாத ஒரு வரியை அழித்து, அவ்விடத்தில் 1280, 800 என்று எழுதினர். பிறகு மீண்டும் பூட்டினர். இதன்பின் இயக்கி வழக்கம்போல் பட்டியலைக் கேட்கும். இம்முறை சரியான அளவு அதில் இருக்கும்.

855 சில்லுக்காக இவ்வாறு எழுதப்பட்ட சிறு கருவிகளின் வழியிலேயே '915ரெசொல்யூஷன்' என்ற கருவி பிறந்தது. டெபியன், உபுண்டு, ஃப்ரீபிஎஸ்டி ஆகியவை அதனைத் தம் மென்பொருள் தொகுப்பில் சேர்த்துக்கொண்டன. ஆப்பிள் நிறுவனம் ஆதரிக்காத கணினிகளில் மேக் இயங்குதளத்தை ஏற்ற முயன்றோரும் இவ்வுத்தியைப் பின்பற்றினர்.

இத்திருத்தம் நினைவகப் படியில் மட்டுமே செய்யப்பட்டது. சில்லில் உள்ள மூலம் மாறவில்லை. எனவே கணினியை அணைத்தால் திருத்தமும் மறையும். ஒவ்வொரு முறையும், திரைச்சூழல் தொடங்குமுன், கருவி மறுபடியும் ஓட வேண்டும். புதிய சில்லு வந்தால் பட்டியலின் அமைப்பும் மாறக்கூடும். கருவியையும் திருத்த வேண்டியிருக்கும்.

கணக்குக் கற்ற இயக்கி

வகுப்பறையில் நாம் அன்றாடம் காணும் ஒன்றை இங்கே ஒப்பிடலாம். விடைகளை மட்டும் மனனம் செய்த மாணவன், பட்டியலில் இல்லாத கேள்வி வந்தால் திகைத்து நிற்பான். பட்டியலில் இன்னும் ஒரு விடையைச் சேர்த்துக்கொடுத்தால் அன்றைய தேர்வில் தப்பிப்பான். வழிமுறையைக் கற்றுக்கொடுத்தால் எந்தக் கேள்விக்கும் விடை காண்பான். லினக்ஸ் உலகில் அடுத்து நிகழ்ந்தது அந்தக் கற்பித்தல்தான்.

திரையின் அளவு என்பது இரண்டு எண்கள் மட்டும் அல்ல. 1280×800 படத்தை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை அனுப்ப, ஓரங்களில் விடப்படும் இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு 1680, ஒரு படத்துக்கு 831 வரி எனக் கணக்கிடுவது பொதுமுறைகளுள் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 83.5 மில்லியன் புள்ளிகள். திரை தன் தேவையைத் தானே அறிவிக்கும் முறையும் 1994ஆம் ஆண்டு முதலே இருந்தது. 128 பைட்டு அளவுள்ள சிறிய அறிமுகச்சீட்டு ஒன்றில் திரைகள் தம் இயல்பான அளவையும் நேரக்கணக்கையும் எழுதி வைத்திருக்கும். அச்சீட்டைப் படித்து, கணக்கிட்டு, சில்லை நேரே இயக்கத் தெரிந்தால் பயாஸின் பட்டியல் தேவைப்படாது.

அதனைச் செய்வதற்குச் சில்லின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். திரைச்சூழல் மென்பொருளில் நெடுங்காலம் உழைத்த கீத் பேக்கர்டு 2006இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவரும் எரிக் ஆன்ஹோல்ட் உள்ளிட்ட குழுவினரும் இயக்கியைப் புதிதாக எழுதினர். 2007 ஏப்ரலில் வெளிவந்த 2.0 பதிப்பு பயாஸின் பட்டியலை நாடாமல் தானே அளவை அமைத்தது. திரைகளை இயக்கத்தின்போதே சேர்க்கவும் நீக்கவும் உதவும் புதிய முறையும் அதே காலத்தில் வந்ததால், பாடவேளையில் ஒளிவீச்சுக் கருவியை இணைப்பதும் எளிதாயிற்று. 2008இல் இன்டெல் தன் வரைகலைச் சில்லின் கைந்நூல்களைப் பொதுவில் வெளியிட்டது. 2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.29, திரையளவை அமைக்கும் பொறுப்பை இயங்குதளத்தின் கருநிரலுக்குள்ளேயே கொண்டுசென்றது.

பட்டியலைத் திருத்தும் கருவி அதன்பின் தேவையற்றதாகிவிட்டது. ஒரு கருவி தேவையற்றுப் போவதே அதற்குக் கிடைக்கும் பெரும் வெற்றி என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும்.

மூடிவைத்த கைந்நூல்

இதே வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 2008இல் இன்டெல் சிறிய மடிக்கணினிகளுக்காக ஜிஎம்ஏ 500 என்ற வரைகலையை வெளியிட்டது. அதன் உள்ளகம் இன்டெல் உருவாக்கியதன்று. இமாஜினேஷன் என்ற பிரித்தானிய நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அதன் விவரங்கள் வெளியிடப்படவில்லை.

2009 தொடக்கத்தில் சோனி வெளியிட்ட 'வையோ பி' என்ற சிறு கணினியில் இந்தச் சில்லு இருந்தது. 8 அங்குலத் திரையில் 1600×768 புள்ளிகள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 222. அக்காலத்தில் வியக்கத்தக்க தெளிவு. ஆனால் லினக்ஸ் ஏற்றியவர்களுக்கு அது தலைவலியாயிற்று. சில பழைய பதிப்புகளுக்கு மட்டும் மூடிய இயக்கி ஒன்று கிடைத்தது. லினக்ஸைப் புதுப்பித்தால் அது பயன்படாது. 2011 மே மாதம் லினக்ஸ் 2.6.39 பதிப்பில் ஆலன் காக்ஸ் முயற்சியால் திறந்த இயக்கி ஒன்று சோதனை நிலையில் சேர்ந்தது. 2012 மார்ச்சில் 3.3 பதிப்பில் அது முறையாக இடம்பெற்றது. அப்போதும் திரை இயல்பான அளவில் ஒளிர்ந்ததே தவிர, முப்பரிமாண வரைகலைக்கான விரைவு கிடைக்கவில்லை.

ஒரே நிறுவனத்தின் பெயர், ஏறத்தாழ ஒரே காலம். ஒன்றில் கைந்நூல் திறந்திருந்தது, மற்றொன்றில் மூடியிருந்தது. உரிமையாளர்களின் அனுபவத்தைப் பிரித்தது அந்த ஒரு வேறுபாடே.

புள்ளிகள் பெருகியபோது

2012 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் 15.4 அங்குலத் திரையில் 2880×1800 புள்ளிகள் கொண்ட 'ரெட்டினா' மடிக்கணினியை வெளியிட்டது. அங்குலத்துக்கு 220 புள்ளிகள். அதே அளவுள்ள 1280×800 திரையில் 98 மட்டுமே. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், 2560×1600 என்பதே மடிக்கணினிகளின் பொதுவான அளவாக வேண்டும் என்று எழுதினார்.

இப்போது சிக்கல் தலைகீழாயிற்று. புள்ளிகள் அனைத்தும் ஒளிர்ந்தன. எழுத்துகளோ எறும்பளவாகச் சுருங்கின. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற பழைய கணக்கில் எழுதப்பட்ட மென்பொருள்கள், 220 புள்ளித் திரையில் எல்லாவற்றையும் பாதிக்கும் குறைவான உயரத்தில் வரைந்தன. ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளிகளை வைத்து இருமடங்காக்குவது முதல் தீர்வு. லினக்ஸின் க்னோம் திரைச்சூழல் 2013 செப்டம்பரில் வந்த 3.10 பதிப்பில் இதனைத் தொடங்கியது. ஆனால் 14 அங்குலத்தில் 1920×1080 போன்ற திரைகளுக்கு ஒரு மடங்கு சிறிது, இரு மடங்கு பெரிது. ஒன்றரை மடங்கில் காட்டினால் அரைப் புள்ளிகள் எழுந்து எழுத்து மங்கும். இதற்கான பொதுவான நெறிமுறை வேலண்ட் என்ற புதிய திரைமுறையில் 2022 நவம்பரில்தான் வந்தது. இன்றும் பழைய மென்பொருள் சில இத்தகைய திரைகளில் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

விவரம் தராத சில்லும் விடாமுயற்சியும்

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1ஐ மடிக்கணினிகளில் அறிமுகப்படுத்தியது. வேறு இயங்குதளத்தை ஏற்ற அது தடை விதிக்கவில்லை. ஆனால் வரைகலையின் விவரங்களையும் தரவில்லை. எக்டர் மார்ட்டின் தொடங்கிய 'அசாஹி லினக்ஸ்' திட்டம், பொதுமக்களின் நன்கொடையோடு அவ்விவரங்களை ஒவ்வொன்றாய்த் தேடிக் கண்டறிந்தது. மெக்கிண்டாஷ் என்ற ஆப்பிள் வகைக்கு சப்பானில் வழங்கும் பெயரே அசாஹி.

2022 மார்ச்சில் வந்த முதற்பதிப்பில் திரை முழுத் தெளிவோடு ஒளிர்ந்தது. ஆனால் அந்த ஒளியை ஏற்றிவைத்தது ஆப்பிளின் தொடக்க நிரல். லினக்ஸ் அதன்மேல் வரைந்தது, அவ்வளவே. திரையின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலவில்லை. வரைகலைப் பணி முழுவதையும் மையச் செயலியே சுமந்தது. அலிசா ரோசன்சுவைக் உள்ளிட்டோரின் ஆய்வால் 2022 டிசம்பரில் வரைகலை இயக்கி வெளிவந்தது. திரையைக் கவனிக்கும் துணைச்செயலியோடு பேசும் இயக்கியும் படிப்படியாக உருவானது. அதே 2022 ஜூலை 31 அன்று, லினக்ஸ் 5.19 பதிப்பை டோர்வால்ட்ஸ் அசாஹி ஏற்றிய ஆப்பிள் மடிக்கணினியிலிருந்தே வெளியிட்டார்.

முதலில் கடன்வாங்கிய ஒளி, பிறகு சொந்த அறிவு. 2003ஆம் ஆண்டுக் கதையும் இதே வரிசையில்தான் நடந்தது.

நாம் செய்யத்தக்கவை

இனி, தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு வருவோம். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றுமுன், அதனை நிறுவாமலே சோதிக்க வழியுண்டு. பென் டிரைவ் எனப்படும் விரலியில் லினக்ஸை வைத்து அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். வட்டில் உள்ளவற்றை அது தானாகத் தொடாது. 'நிறுவு' என்பதை மட்டும் அழுத்த வேண்டா. பிறகு பின்வருவனவற்றைப் பாருங்கள்.

1. அமைப்புப் பக்கத்தில் காட்டும் திரையளவு, அந்த மடிக்கணினியின் இயல்பான அளவுதானா?

2. வரைமென்பொருளில் ஒரு வட்டம் வரைந்து, அளவுகோலைத் திரைமேல் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

3. மனம், மணம், கல், கள் போன்ற சொற்களைச் சிறிய எழுத்தில் தட்டெழுதுங்கள். சுழியும் புள்ளியும் தெளிவாக உள்ளனவா?

4. வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா? மூடியைத் தாழ்த்தித் திறந்தால் திரை மீண்டும் ஒளிர்கிறதா?

5. ஒளிவீச்சுக் கருவியை இணைத்தால் படம் ஒழுங்காக வருகிறதா?

இவை ஐந்தும் தேறினால் திரை உங்களைக் கைவிடாது என்று நம்பலாம். தேறாவிட்டால், அந்தக் கணினியில் எந்த வரைகலைச் சில்லு உள்ளது என்று பாருங்கள். விவரங்கள் வெளியிடப்பட்ட சில்லாயின் புதிய பதிப்பில் தீர்வு இருக்க வாய்ப்பு மிகுதி. மூடிவைக்கப்பட்ட சில்லாயின் காலத்தை வீணாக்காமல் வேறு கணினியைத் தேடுவது நன்று. எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் கூறவில்லை.

'ஆதரவில்லை' என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு பொருள் கெட்டுவிட்டதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். தயாரிப்பாளரின் பொறுப்பு முடிந்தது என்பதே அச்சொல்லின் பொருள். 1280×800 திரைகள் அன்றும் முழுமையாகவே இருந்தன. ஒரு புள்ளியும் பழுதாகவில்லை. அவற்றை ஒளிரச் செய்யும் அறிவுதான் ஒரு பட்டியலுக்குள் அடைபட்டிருந்தது. அந்த அறிவைத் தேடிக் கண்டு, எழுதி, எல்லார்க்கும் பொதுவாக வைத்தவர்களால்தான் அக்கணினிகள் மேலும் பல ஆண்டுகள் உழைத்தன. அடுத்த முறை ஒரு கணினி வாங்கும்போது, விலையையும் வேகத்தையும் கேட்பதோடு, "இதன் விவரங்கள் திறந்துள்ளனவா?" என்றும் கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளுக்கும் அக்கேள்வியைக் கற்றுக்கொடுப்போம்.

உங்கள் பள்ளியிலோ இல்லத்திலோ இச்சோதனையைச் செய்து பார்த்தால், கண்டதை எனக்கும் எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் அது பயன்படும்.